சிவப்புப் புள்ளி வேலை செய்யற லேசர் இல்ல சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல லேசர், ஃபைபர், கிரிஸ்டல்னு மூணையும் சேத்து அரைப்பக்கம் போட்டிருந்தீங்க. தமிழ் பேப்பர்ல இதுக்கெல்லாம் அரைப்பக்கம் ஒதுக்குறதே பெரிய விஷயம், அதுக்கு முதல்ல நன்றி. நான் மதுரை பக்கம் ஃபைபர் ஸ்ப்ளைசிங், அதாவது இன்டர்நெட் வர்ற கண்ணாடி இழையை ஒட்டற வேலை பாக்குறவன். ரோட்டோரம் தோண்டுன குழி பக்கத்துல குடையைக் கட்டிட்டு, சின்ன டேபிள் மேல ஒரு மெஷினை வச்சு குனிஞ்சு உக்காந்திருப்பாங்களே, அந்த ஆளுங்கள்ல ஒருத்தன். படிச்சது பி.எஸ்சி பிசிக்ஸ். அதனால அந்தக் கட்டுரையில எழுத்தை விட படங்கதான் எனக்கு ரொம்ப உறுத்துச்சு.

மூணு படம் போட்டிருந்தீங்க. ஒண்ணுல ஃபைபர் நுனியில சிவப்பா வெளிச்சம் வருது, கீழ "இன்டர்நெட் இப்படித்தான் உங்க வீட்டுக்கு வருகிறது"னு இருக்கு. ரெண்டாவதுல கண் ஆஸ்பத்திரியில ஒரு பெரியவர் கண்ணுல சிவப்புப் புள்ளி. மூணாவதுல ஒரு கட்டிங் மெஷின், பலகை மேல அதே மாதிரி சிவப்புப் புள்ளி. மூணுமே நிஜமா எடுத்த படம்தான், கிராஃபிக்ஸ் எல்லாம் இல்ல. ஆனா மூணுலயும் தெரியற வெளிச்சம் வேலை செய்யற வெளிச்சம் இல்ல. வேலை செய்யறது படத்துல தெரியவே தெரியாது, ஏன்னா அது மனுஷன் கண்ணுக்கே தெரியாது. இதை மட்டும் சொல்லத்தான் இந்த லெட்டர், ஆனா இதைச் சொல்லணும்னா நாலஞ்சு வார்த்தையை விளக்கணும், கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுத்துக்கங்க.

வெளிச்சத்தோட அலைநீளத்தை நானோமீட்டர்ல சொல்வாங்க, ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாப் பிரிச்சா அதுல ஒரு பங்கு. நம்ம கண்ணுக்கு ஏறக்குறைய 400-ல இருந்து 700 வரைக்கும்தான் தெரியும். 400 பக்கம் ஊதா, 532 பச்சை, 650 சிவப்பு, 700ஐ தாண்டுனா அகச்சிவப்பு, நமக்கு இருட்டு. இப்ப கணக்கு பாருங்க. வீட்டுக்கு வர்ற ஃபைபர்ல எக்ஸ்சேஞ்ச்ல இருந்து வர்றது 1490, வீட்ல இருந்து திரும்பிப் போறது 1310, அதே இழையில கேபிள் டிவியும் வந்தா அது 1550. கண் ஆஸ்பத்திரியில யாக் லேசர்னு சொல்றாங்களே அது 1064. இரும்புத் தகடு வெட்டற ஃபைபர் லேசர் 1070 பக்கம். கல்யாணப் பத்திரிகை, அக்ரிலிக் எல்லாம் வெட்டற கார்பன் டை ஆக்சைடு லேசர் 10,600. லாசிக் ஆபரேஷன் லேசர் 193, அது ஊதாவுக்கும் ரொம்ப கீழ. இதுல ஒண்ணாவது 400க்கும் 700க்கும் நடுவுல இருக்கா? கண்ணுக்குத் தெரியாததை எங்க அடிக்கப் போறோம்னு குறி பாக்க முடியாதுல்ல, அதனால கூடவே ஒரு குட்டி சிவப்பு லேசரை அதே பாதையில விடறாங்க. எய்மிங் பீம்னு பேரு. உங்க ரெண்டாவது, மூணாவது படத்துல விழுந்தது அதுதான், முதல் படத்தோட கதையைப் பின்னாடி சொல்றேன்.

லேசர் விஷயத்துல பத்திரிகைக்காரங்க படத்துல ஏமாந்தது முதல் நாள்ல இருந்தே இருக்கு, அதனால உங்களை மட்டும் குறை சொல்லல. உலகத்தோட முதல் லேசரை 1960 மே 16-ல அமெரிக்காவுல மாலிபுல இருக்கற ஹியூஸ் ஆராய்ச்சிக் கூடத்துல தியோடர் மெய்மன்னு ஒருத்தர் எரிய விட்டார். உள்ளங்கையில அடங்கற சாமான் அது. ஜூலையில நியூயார்க்ல பிரஸ் மீட் வச்சப்ப, போட்டோ எடுக்க வந்தவருக்கு இவ்ளோ சின்னதா இருக்கேன்னு திருப்தி இல்லாம, பாக்க எடுப்பா இருந்த இன்னொரு பெரிய மாடலைக் கையில கொடுத்து எடுத்தாங்க, இன்னைக்கு வரைக்கும் நிறைய இடத்துல முதல் லேசர்னு அந்தப் படம்தான் ஓடுது. மறுநாள் பேப்பர்ல ஆளைக் கொல்ற கதிர்ங்கற ரேஞ்சுக்கு செய்தி வேற.

அந்த முதல் லேசருக்குள்ள இருந்தது மாணிக்கம். செயற்கையா செஞ்ச மாணிக்கக் கல்லை உருட்டி ஒரு சின்ன தடியா ஆக்கி, ரெண்டு முனையிலயும் வெள்ளி பூசி, சுத்தி ஒரு ஸ்பிரிங் மாதிரி வளைச்ச ஃபிளாஷ் லைட்டு. அவ்ளோதான். இதுக்குள்ளயே எல்லா அடிப்படை வார்த்தையும் இருக்கு. ஃபிளாஷ் அடிச்சு கல்லுக்குள்ள இருக்கற அணுவுக்கு சக்தி ஏத்தறது பம்பிங். ஏத்துன சக்தியை வச்சிட்டு நிக்கற அணு கிட்ட அதே அலைநீளத்துல ஒரு வெளிச்சத் துணுக்கு வந்தா, ஒருத்தன் கொட்டாவி விட்டா பக்கத்துல உக்காந்திருக்கறவனும் விடற மாதிரி, அதுவும் தன் கிட்ட இருக்கறதை வெளிய விட்டுடும், ஆனா வர்ற வெளிச்சம் முதல் வெளிச்சத்தோட அச்சு அசல் நகல், அதே நிறம், அதே திசை, அலையோட ஏத்த இறக்கம் கூட ஒண்ணா சேந்து வரும். இது நடக்கும்னு ஐன்ஸ்டைன் 1917-லயே கணக்குப் போட்டு எழுதிட்டாரு, செஞ்சு காட்டத்தான் இத்தனை வருஷம் ஆச்சு. முனையில இருக்கற ரெண்டு கண்ணாடியும் அந்த வெளிச்சத்தைத் திரும்பத் திரும்ப உள்ளயே அனுப்பிப் பெருக்கும், அந்த இடம்தான் கேவிட்டி. ஒரு பக்கம் வழியா கொஞ்சம் கசிய விட்டா நமக்குக் கிடைக்கறது லேசர் கதிர். மாணிக்கத்துல வந்தது 694 நானோமீட்டர், ஆழ்ந்த சிவப்பு. லேசர்னாலே சிவப்புங்கற எண்ணம் நம்ம மண்டையில ஏறுனதுக்கு இந்தக் கல்லுக்கும் ஒரு பங்கு இருக்கும்னு எனக்குத் தோணும்.

கிரிஸ்டல் பத்தி உங்க கட்டுரை ரெண்டே வரியில தாண்டிப் போயிருச்சு, எனக்கு அதுதான் ரொம்ப வருத்தம். மாணிக்கம்னா அலுமினியம் ஆக்சைடு. சுத்தமா இருந்தா அதுக்கு நிறமே கிடையாது, தண்ணி மாதிரி இருக்கும். அதுல ரொம்பக் கொஞ்சூண்டு குரோமியம், நூத்துல ஒரு பங்கு கூட வராது, கலந்தா சிவப்பாகுது. லேசர் வெளிச்சம் விடறதும் அந்தக் குரோமியம்தான், மிச்சம் இருக்கறதெல்லாம் அது உக்கார இடம் கொடுக்குது. இடம் கொடுக்கறதை ஹோஸ்ட்னும், கலந்ததை டோப்பன்ட்னும் சொல்வாங்க. அதே அலுமினியம் ஆக்சைடுல டைட்டானியம் போட்டா வேற லேசர். நெருப்புல தூளை உருக்கி சொட்டு சொட்டா விட்டு செயற்கை மாணிக்கம் வளக்கற வெர்னுயில் முறை 1902-லயே வந்தாச்சு, நகைக்கும் வாட்ச்சுக்கும்னு செஞ்சுட்டிருந்தாங்க. திருச்சி பக்கம் செயற்கைக் கல்லு பட்டை தீட்டுன குடும்பங்க எத்தனையோ இருக்கு, அவங்க கையில புரண்ட அதே ஜாதிக் கல்லுதான் முதல் லேசருக்குள்ள இருந்தது. இதை எந்தப் பாடப் புத்தகத்துலயாவது போட்டா பசங்க ஆர்வமாப் படிப்பாங்க.

யாக் பத்திச் சொல்லணும், ஏன்னா மதுரையில கண் ஆஸ்பத்திரி வாசல்ல டீ குடிச்சாலே இந்த வார்த்தை காதுல விழும். யிட்ரியம் அலுமினியம் கார்னெட்டுங்கற கிரிஸ்டல்தான் யாக், அதுல நியோடைமியம் கலந்திருப்பாங்க, வெளிச்சம் 1064. இங்க ஒரு பெரிய குழப்பம் இருக்கு சார். "அப்பாவுக்கு லேசர் வச்சு புரை எடுத்துட்டாங்க"னு ஊரெல்லாம் சொல்லுது. வழக்கமா செய்யற ஃபேக்கோ ஆபரேஷன்ல புரையை உடைக்கறது லேசர் இல்ல, அல்ட்ராசவுண்ட் அதிர்வு. சில இடத்துல வெட்டு போடறதுக்கு ஃபெம்டோ லேசர் வைக்கறாங்க, அது தனி, காசும் தனி. ஆபரேஷன் முடிஞ்சு மாசக்கணக்கோ வருஷக்கணக்கோ கழிச்சு லென்ஸுக்குப் பின்னாடி இருக்கற சவ்வு மங்கிப் போகும் சில பேருக்கு, அப்பதான் யாக் லேசர் வருது. நொடியில நூறு கோடில சில பங்கு நேரமே இருக்கற ஒரு அடி, அந்த சவ்வுல ஓட்டை விழுந்து பார்வை தெளிஞ்சிடும். டாக்டர் குறி பாக்கறது சிவப்புப் புள்ளியை வச்சு, ஓட்டை போடறது கண்ணுக்குத் தெரியாத 1064. உங்க ரெண்டாவது படம் இதுதான்.

லாசிக் வேற கதை, அதுல நம்ம ஆளு ஒருத்தர் இருக்காரு, அவரைப் பத்தி ஒரு வரி கூட இல்லாதது நியாயமே இல்ல. ரங்கசாமி சீனிவாசன், மெட்ராஸ் யுனிவர்சிட்டியில பி.எஸ்சி, எம்.எஸ்சி முடிச்சுட்டு அமெரிக்கா போய் ஐ.பி.எம் கம்பெனி ஆராய்ச்சிக் கூடத்துல சேந்தவரு. 1981 நவம்பர்ல, அங்க தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு சமைச்சு மிச்சமான வான்கோழிக் கறியை லேபுக்கு எடுத்துட்டு வந்து 193 நானோமீட்டர் லேசரை அது மேல அடிச்சுப் பாத்தாரு. சுத்தி கருகவே இல்ல, பேனாக் கத்தியில கீறுன மாதிரி சுத்தமா ஒரு வெட்டு. அந்த அலைநீளத்துல வெளிச்சத் துணுக்கு ஒவ்வொண்ணுக்கும் மூலக்கூறோட பிணைப்பையே உடைக்கற சக்தி இருக்கு, அதனால பக்கத்துக்கு சூடு போறதுக்குள்ள மேல் படலம் மட்டும் கழண்டு போயிடுது. அவரும் ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம்னு கூட வேலை பாத்த ரெண்டு பேரும் சேந்து கண்டுபிடிச்ச இந்த விஷயத்து மேலதான் லாசிக்கே நிக்குது. 532 பச்சை லேசரை அடிச்சப்ப கறி கருகித்தான் போச்சு. பவர் மட்டும் இல்ல, அலைநீளமும் என்ன நடக்கும்னு முடிவு பண்ணுது.

பியூட்டி பார்லர்ல முடி எடுக்கறதுக்கும் இதே கதைதான், ரெண்டே வரியில முடிச்சுக்கறேன். 755 அலெக்ஸாண்ட்ரைட், 808 டயோடு, 1064 யாக்னு மூணு வகை இருக்கு, நம்ம மாதிரி கருப்புத் தோலுக்கு 1064 பரவால்ல, ஏன்னா தோலோட கருப்பு நிறமி அதைக் கம்மியா உறிஞ்சும், 755-ஐ நிறைய உறிஞ்சி சுட்டுப்புடும். போறவங்க ரேட் கேக்கற மாதிரி நானோமீட்டரையும் கேக்கணும். ஐ.பி.எல்-னு சொன்னா அது லேசரே இல்ல, ஃபில்டர் போட்ட ஃபிளாஷ் லைட்டு.

இப்ப திருவிழா கடைக்கு வர்றேன். பச்சை லேசர் பென் விக்கறாங்களே, எங்க ஊர் தேர் அன்னைக்குப் பாத்தா சின்னப் பசங்க கையெல்லாம் அதுதான். இந்தப் பச்சை எப்படி வருதுன்னு தெரிஞ்சா யாரும் பிள்ளைக்கு வாங்கித் தர மாட்டாங்க. மலிவான பச்சைப் பேனாவுல முக்கால்வாசி இப்படித்தான்: உள்ள 808 நானோமீட்டர் டயோடு ஒண்ணு இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. அது நியோடைமியம் கலந்த ஒரு பொடி கிரிஸ்டலைப் பம்ப் பண்ணி 1064 ஆக்கும், அதுவும் கண்ணுக்குத் தெரியாது. அந்த 1064 கே.டி.பி-னு (இங்கிலீஷ்ல KTP) இன்னொரு கிரிஸ்டலுக்குள்ள போனா சரி பாதியாகி 532, பச்சை. கடைசியில ஒரு ஃபில்டர் போட்டு மிச்சம் இருக்கற அகச்சிவப்பைத் தடுக்கணும். காசு மிச்சம் பண்ண அந்த ஃபில்டரை எடுத்துட்டா? 2010-ல அமெரிக்க அரசோட என்.ஐ.எஸ்.டி ஆராய்ச்சிக் கூடத்துல ஒரு பச்சைப் பேனாவை அளந்தாங்க, மங்கலாத்தான் பச்சை வந்துச்சு, ஆனா அதை விட பல மடங்கு அகச்சிவப்பு கூடவே வந்துட்டிருந்துச்சு. அப்புறம் 2013-ல 122 பேனாவைச் சோதிச்சப்ப பச்சையில கிட்டத்தட்ட 90 சதவீதம் அவங்க ஊர் பாதுகாப்பு விதியைத் தாண்டியிருந்துச்சு. பளிச்சுன்னு தெரிஞ்சா கண்ணு தானா மூடிக்கும், கால் செகண்டுல. அகச்சிவப்புக்கு கண்ணு மூடாது. 400-ல இருந்து 1400 வரைக்கும் எது கண்ணுக்குள்ள போனாலும் கண்ணோட லென்ஸ் அதை ஒரு புள்ளியா குவிச்சு விழித்திரையில வச்சிடும், அங்க வலி தெரியற நரம்பும் கிடையாது.

பேனா மேல மஞ்ச ஸ்டிக்கர்ல கிளாஸ்னு ஒண்ணு போட்டிருக்கும். கண்ணுக்குத் தெரியற வெளிச்சத்துக்கு கிளாஸ் 2-னா 1 மில்லிவாட்டுக்குள்ள, 3ஆர்-னா 5 வரைக்கும், 3பி-னா 500 வரைக்கும், அதுக்கு மேல போனா கிளாஸ் 4, சுவத்துல பட்டுத் திரும்பற வெளிச்சம் கூட ஆபத்து. ஸ்டிக்கரே இல்லாத பேனாவை வாங்காதீங்க, ஸ்டிக்கர் இருந்தாலும் அந்த என்.ஐ.எஸ்.டி கணக்கை ஞாபகம் வச்சுக்கங்க.

பச்சைப் பேனாவுல நடக்கற மாதிரி கிரிஸ்டலை வச்சு அலைநீளத்தைப் பாதியாக்கறதுங்கறது முதல்ல நடந்தது 1961-ல, மிச்சிகன் யுனிவர்சிட்டியில பீட்டர் ஃபிராங்கென் குழு. மாணிக்க லேசரோட 694-ஐ குவார்ட்ஸ் கிரிஸ்டல்ல விட்டு 347 எடுத்தாங்க. ரொம்ப மங்கலான ஒரே ஒரு புள்ளி போட்டோ பிளேட்ல விழுந்துச்சு, அதுதான் மொத்த ஆதாரம். ஜர்னல்ல அச்சடிக்கறப்ப அங்க இருந்தவங்க இது ஏதோ தூசின்னு நெனச்சு அந்தப் புள்ளியைத் துடைச்சு எடுத்துட்டாங்க! அம்புக்குறி மட்டும் வெத்து இடத்தைக் காட்டிட்டு இன்னைக்கும் இருக்கு. உங்க ஆபீஸ்ல படம் சரி பண்றவங்களுக்கு இதைப் படிச்சுக் காட்டுங்க சார்.

சரி, நம்ம பொழப்புக்கு வர்றேன். ஃபைபரை கிரிஸ்டல் இழைன்னு ஒரு இடத்துல எழுதிட்டீங்க. அது கண்ணாடி. சிலிக்கான் டை ஆக்சைடு ஒழுங்கா வரிசை கட்டி நின்னா குவார்ட்ஸ் கிரிஸ்டல், வரிசை இல்லாம கன்னாபின்னான்னு உறைஞ்சு போனா கண்ணாடி, சாமான் ஒண்ணுதான். நடுவுல 9 மைக்ரான் (மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்குதான் மைக்ரான்) அகலத்துக்கு கோர், அதுல ஜெர்மேனியம் கொஞ்சம் கலந்து ஒளிவிலகல் எண்ணை, அதாவது வெளிச்சத்தோட வேகம் உள்ள எத்தனை மடங்கு குறையுதுங்கற கணக்கை, லேசா ஏத்தியிருப்பாங்க. சுத்தி 125 மைக்ரானுக்கு கிளாடிங், அதுக்கு மேல பிளாஸ்டிக் பூச்சு, அதோட சேத்து 250. கோர்ல போற வெளிச்சம் கிளாடிங்கோட எல்லையில பட்டு முழு அக எதிரொளிப்பு ஆகி உள்ளயே போயிட்டிருக்கும். நான் ஒட்டும்போது ரெண்டு 9 மைக்ரானும் நேருக்கு நேர் வரணும், மெஷின் ஸ்க்ரீன்ல பாத்துத்தான் அது நடக்கும், வெறும் கண்ணுல கோர் தெரியவே தெரியாது. நார்மலா நாங்க போடறது சிங்கிள் மோடு, வெளிச்சத்துக்கு ஒரே வழி. மல்டி மோடுனா கோர் 50 இல்ல 62.5 மைக்ரான், பல வழியில போய் ஒண்ணு முன்ன ஒண்ணு பின்னன்னு வந்து சேரும், அதனால ஒரே பில்டிங்குக்குள்ள சின்ன தூரத்துக்குத்தான் ஆகும்.

அப்புறம், "ஒளியின் வேகமான விநாடிக்கு 3 லட்சம் கி.மீ-ல டேட்டா பாயுது"ன்னு எழுதிருந்தீங்க. அது வெற்றிடத்துல. கண்ணாடிக்குள்ள ஒளிவிலகல் எண் 1.47 பக்கம், வகுத்துப் பாருங்க, 2 லட்சத்துச் சொச்சம்தான் வரும். 2020 ஆகஸ்ட்ல திறந்தாங்களே சென்னை - அந்தமான் கடல் கேபிள், மொத்த நீளம் 2,300 கி.மீ பக்கம், அது முழுசையும் தாண்ட வெளிச்சத்துக்கு 11 மில்லி செகண்ட் ஆகும். காப்பர்லயும் சிக்னல் கிட்டத்தட்ட இதே வேகம்தான். ஃபைபர் ஜெயிச்சது வேகத்துல இல்ல, தேய்மானம் (போகப் போக வெளிச்சம் குறையறது) கம்மிங்கறதுலயும் ஒரே இழையில எவ்ளோ வேணா ஏத்தலாம்ங்கறதுலயும்தான்.

அந்தத் தேய்மானத்தைத்தான் நாங்க டிபி-ன்னு சொல்றோம். 3 டிபி போனா பாதி காலி, 10 போனா பத்துல ஒண்ணு, 20 போனா நூத்துல ஒண்ணு மிச்சம். கண்ணாடி இழையை வளைச்சாலும் படத்தைக் கடத்தலாம்னு லண்டன் இம்பீரியல் காலேஜ்ல ஹாப்கின்ஸோட சேந்து 1954-ல எழுதுனவரு பஞ்சாப் மோகாவுல பொறந்த நரிந்தர் சிங் கபானி. ஆனா அப்ப இருந்த கண்ணாடி கி.மீக்கு ஆயிரம் டிபி குடிச்சிடும். 1966-ல சார்லஸ் காவ், குற்றம் கண்ணாடி மேல இல்ல, அதுல இருக்கற அழுக்கு மேலன்னு சொன்னாரு, 20 டிபிக்கு கொண்டு வந்தாப் போதும் டெலிபோனுக்கு ஓடும்னாரு. 1970-ல கார்னிங் கம்பெனி ஆளுங்க மூணு பேர் 17-க்கு கொண்டு வந்துட்டாங்க. காவுக்கு நோபல் 2009-லதான் கெடச்சுது. இப்ப நான் ஒட்டற இழை 1550-ல கி.மீக்கு 0.2 டிபி, அதாவது 15 கி.மீ போனாத்தான் பாதி குறையும். 650 சிவப்பை விட்டா சில கி.மீ-லயே தொண்டை கட்டிரும். அதனாலதான் சார் ஃபைபர்ல அகச்சிவப்பு, கண்ணாடி எந்த அலைநீளத்துல நல்லா வழி விடுதோ அங்க போறோம், வேற ரகசியம் இல்ல.

அப்ப உங்க முதல் படத்துல சிவப்பு? அது எங்க பையில இருக்கற வி.எஃப்.எல் பேனா. இழை எங்க ஒடஞ்சிருக்குன்னு பாக்க சிவப்பு லேசரை உள்ள விடுவோம், ஒடஞ்ச இடத்துல மஞ்ச வயரைத் தாண்டி சிவப்பு கசியும். போட்டோவுக்கு அழகா இருக்கும்னு எல்லாரும் அதைத்தான் எடுக்கறாங்க. வீட்டுப் பெட்டியில எல்.ஓ.எஸ்-னு சிவப்பு விளக்கு எரியுமே, அதுவும் இன்டர்நெட் வெளிச்சம் இல்ல, வெளிச்சம் வரலைன்னு சொல்ற சாதா எல்.இ.டி.

வீட்ல மக்க பண்ற வேலை என்னன்னா, நெட் வரலைன்னா பச்சைக் கனெக்டரைப் பிடுங்கி கண்ணு கிட்ட வச்சுப் பாப்பாங்க. இருட்டா இருக்கும். உடனே போன் பண்ணி "தம்பி, லைட்டே வரல"ன்னுவாங்க. கொஞ்சம் விவரமானவங்க டிவி ரிமோட்டுக்கு செய்யற மாதிரி செல்போன் கேமரா வச்சுப் பாத்துட்டு "கேமராலயும் தெரியல"ன்னுவாங்க. ரிமோட் 940 நானோமீட்டர், கேமராவுல இருக்கற சிலிக்கான் அதைப் பிடிக்கும். 1100 தாண்டுனா சிலிக்கானுக்கும் கண்ணு தெரியாது, 1490-ஐ அது பாக்கவே பாக்காது. நாங்க இழையில வர்ற வெளிச்சத்தை அளக்கற பவர் மீட்டர்ல வேற சாமான் வச்சிருக்கறது அதுக்குத்தான். பயமுறுத்தல, வீட்டு இழையில வந்து சேர்றது மைனஸ் 20 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோட ஒப்பிட்டுச் சொல்ற டிபி) வாக்குல, 0.01 மில்லிவாட், வழியில ஸ்ப்ளிட்டர்ல 32 வீட்டுக்குப் பிரிச்சதுலயே பெரும்பங்கு போயிருக்கும், அதால கண்ணு போகாது. ஆனா அதே பழக்கத்துல கேபிள் டிவி கண்ட்ரோல் ரூம்ல ஆம்ப்ளிஃபையர் முனையைப் பாக்கற பசங்களை நான் பாத்திருக்கேன். அங்க ஒரு முனையில 20 டிபிஎம், 100 மில்லிவாட், பாக்க ரெண்டும் ஒரே இருட்டு. இதுல ஒரு வேடிக்கை, அந்த ஆம்ப்ளிஃபையரும் பாதி லேசர்தான், எர்பியம் கலந்த இழையைப் பம்ப் பண்ணி வர்ற வெளிச்சத்தைப் பெருக்கறது, மெய்மனோட மாணிக்கத்துல நடந்த அதே வேலை, ரெண்டு முனைக் கண்ணாடி மட்டும் கிடையாது. 1987-ல சவுதாம்டன்ல வந்தது, அது வந்த பிறகுதான் கடலுக்கடியில நடுவுல கரண்டா மாத்தாம வெளிச்சமாவே ரொம்ப தூரம் அனுப்ப முடிஞ்சுது.

வீட்ல நிஜ ஆபத்து வேற. நாங்க இழையை வெட்டறப்ப விழற துண்டு, முடியை விட கொஞ்சம் தடிமன், கண்ணாடி, குத்துனா தெரியாது, எடுக்கறதும் கஷ்டம். நல்ல டெக்னீசியன் ஒரு டப்பாவுல போட்டு எடுத்துட்டுப் போவான். போடலைன்னா கேளுங்க, கூச்சப்படாதீங்க.

கட்டிங் மெஷின் படத்துக்கு ஒரு எச்சரிக்கை போட்டே ஆகணும். கோயம்புத்தூர்லயும் சின்ன ஊர்லயும் இப்ப ஒர்க்ஷாப்ல கையில பிடிச்சு வெல்டிங் வைக்கற ஃபைபர் லேசர் வந்துடுச்சு, 1500 வாட், கிளாஸ் 4. பத்திரிகை வெட்டற 10,600 லேசருக்கு சாதாரண தெளிவான பிளாஸ்டிக் தடுப்பே போதும், அது வழியா போகாது. அதைப் பாத்துப் பழகுனவன் அதே பிளாஸ்டிக் கண்ணாடியை மாட்டிட்டு 1070-ல வெல்டிங் வைக்கறான். 1070 அந்தப் பிளாஸ்டிக்கை ஒண்ணுமே இல்லாத மாதிரி தாண்டி வந்து நேரா விழித்திரைக்குப் போகும். கண்ணாடி மேல எந்த அலைநீளத்துக்கு, எவ்ளோ தடுக்கும்னு ஓ.டி நம்பரோட போட்டிருக்கும், அது இல்லாததை மாட்டறது வெயில் கண்ணாடி மாட்டற கணக்குதான். ஓனருங்க யாராவது இதைப் படிச்சா தயவுசெஞ்சு நாளைக்கே போய்ப் பாருங்க.

இன்னும் ஒண்ணே ஒண்ணு. கிரிஸ்டல் வளக்கறது ஏதோ வெளிநாட்டு வித்தைன்னு நெனைக்க வேணாம், கிண்டியில அண்ணா யுனிவர்சிட்டியில அதுக்குன்னே கிரிஸ்டல் குரோத் சென்டர் இருக்கு, 1982-ல இருந்து. கரைசல்ல இருந்து நமக்கு வேணுங்கற ஒரே திசையில கிரிஸ்டலை நீளமா வளத்து எடுக்கற ஒரு முறைக்கு சங்கரநாராயணன் - ராமசாமி முறைன்னே பேரு, 2005-ல தமிழ்நாட்டுல இருந்து வந்தது, வெளிநாட்டு ஆராய்ச்சிக் கட்டுரையிலயும் எஸ்.ஆர் முறைன்னு எழுதறாங்க. அமெரிக்காவுல 192 லேசரை ஒரே இடத்துல குவிச்சு 2022 டிசம்பர்ல அணுக்கரு இணைவுல போட்ட லேசரை விட அதிக சக்தி எடுத்தாங்களே, அங்கயும் 1053-ஐ 351 ஆக்கறது கே.டி.பி-ங்கற (இங்கிலீஷ்ல KDP) உப்புக் கிரிஸ்டல் குடும்பம்தான், பேரு முன்ன சொன்ன பச்சைப் பேனா கிரிஸ்டல் மாதிரியே காதுல விழும், நடு எழுத்து T-க்குப் பதிலா D, சாமான் வேற. நம்ம காலேஜ் லேப்ல பீக்கர்ல பசங்க வளக்கறாங்களே, அதே KDP. அடுத்த ஞாயிறு அவங்க கிட்ட ஒரு ஆளை அனுப்பி எழுதுங்க, என்னை விட நல்லா சொல்வாங்க.

எனக்கு வேண்டியது இவ்ளோதான்: அந்த மூணு படத்தையும் திரும்பப் போட்டு, கீழ "இது குறி பாக்கற வெளிச்சம், வேலை செய்யற வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது"ன்னு, முதல் படத்துக்கு மட்டும் "இது பழுது பாக்கற வெளிச்சம்"னு மாத்தி, அதோட நானோமீட்டரையும் சேத்துப் போடுங்க. நிஜ ஃபைபர் வெளிச்சத்தைப் படம் எடுக்கணும்னா உங்க போட்டோகிராஃபரை எங்க சைட்டுக்கு அனுப்புங்க, இருட்டா இருக்கற நுனியையும் பக்கத்துல மைனஸ் 19 காட்டற பவர் மீட்டரையும் சேத்து ஒரே ஃபிரேம்ல எடுத்துக்கட்டும். வர்றப்ப ஷூ போட்டுட்டு வரச் சொல்லுங்க சார், எங்க பசங்க டப்பாவுல போடுவானுங்கதான், இருந்தாலும் கீழ ஒண்ணு ரெண்டு துண்டு கிடக்கும்.

இப்படிக்கு,
ஒரு ஃபைபர் ஸ்ப்ளைசர்,
மதுரை மாவட்டம்.